மாதவிடாய் நின்றுவிட்டது, தொந்தரவு ஒன்றும் இல்லை: டெஸ்ட் எடுக்க வேண்டுமா?

கேள்வி: எனக்கு 49 வயது. மாதவிடாய் கொஞ்ச நாள் தள்ளித் தள்ளி வந்தது, பிறகு நின்றேவிட்டது. கடைசியாக வந்து 14 மாதங்கள் ஆகின்றன. என் அக்கா இந்தக் கட்டத்தில் தூக்கம் இல்லாமல், வேர்த்துக் கொட்டி, எரிச்சலில் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. எனக்கோ எதுவுமே தெரியவில்லை. "இப்ப இல்லைன்னா பின்னாடி மொத்தமா வரும்" என்று பக்கத்தில் இருப்பவர்கள் பயமுறுத்துகிறார்கள். என் உடம்பில் ஏதாவது கோளாறா? ஹார்மோன் டெஸ்ட் எடுக்க வேண்டுமா?

பதில்: கோளாறு இல்லை. தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிடாய் வராவிட்டால் மெனோபாஸ் ஆகிவிட்டது என்று எடுத்துக்கொள்கிறோம். இந்தியப் பெண்களுக்கு இது சராசரியாக 46, 47 வயதில் வருகிறது. 45 வயதைத் தாண்டியவருக்கு இதை உறுதிசெய்ய எஃப்.எஸ்.எச். என்ற ஹார்மோன் அளவைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை தேவைப்படாது. அந்தப் பணத்தை வேறு பரிசோதனைகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

உடம்பு குப்பென்று சூடாகி வேர்ப்பதை வெப்ப அலை என்கிறோம். அதற்குக் காரணம் மூளையில் இருக்கிறது. பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் குறையும்போது, உடல் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் பகுதி சின்னச் சின்ன வெப்ப மாற்றத்துக்கெல்லாம் பதறி, வேர்வையை வரவழைத்து உடம்பைக் குளிர்விக்கப் பார்க்கிறது. இந்தப் பதற்றம் ஆளுக்கு ஆள் மாறும், கூடப்பிறந்தவர்களுக்குள்ளும் மாறும். வெப்ப அலையே வராமல் இந்தக் கட்டத்தைக் கடப்பவர்கள் நிறையப் பேர். அது சேர்த்துவைத்துப் பின்னால் தாக்கும் என்பது வெறும் பயம். சிலருக்கு மாதவிடாய் நின்ற பிறகு தொடங்குவது உண்டு, அவ்வளவுதான். உங்கள் அக்காவுக்கு இன்னும் அவதி இருந்தால், பொறுத்துக்கொள்ளச் சொல்லாதீர்கள். நல்ல சிகிச்சைகள் இருக்கின்றன, மகப்பேறு மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

நான் உங்களிடம் முக்கியமாகச் சொல்ல நினைப்பது வேறு. வெப்ப அலை வரவில்லை என்பதால் உங்கள் உடம்பில் ஈஸ்ட்ரோஜன் குறையவில்லை என்று ஆகாது. அக்காவுக்குக் குறைந்ததுபோலவே உங்களுக்கும் குறைந்திருக்கிறது. அவதிப்படுகிறவர் டாக்டரிடம் போகிறார். அங்கே பிரஷர் பார்க்கிறார்கள், ரத்தம் எடுக்கிறார்கள், ஏதாவது இருந்தால் தெரிந்துவிடுகிறது. தொந்தரவு இல்லாதவர் ஆண்டுக்கணக்கில் மருத்துவமனைப் பக்கமே போவதில்லை. இதுதான் என் கவலை.

ஏனென்றால் எலும்பு தேய்வது வலிக்காது. மாதவிடாய் நிற்பதை ஒட்டிய சில ஆண்டுகளில்தான் எலும்பின் அடர்த்தி வேகமாகக் குறைகிறது. முதல் 5 ஆண்டுகளில் 10 சதவீதம்வரை போய்விடலாம். வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறியும்போதுதான் பலருக்குத் தெரியவருகிறது. கெட்ட கொழுப்பான எல்.டி.எல். அளவும் இதே சமயத்தில் ஏறுகிறது. முந்தைய ரிப்போர்ட் நார்மலாக இருந்தது என்று இருந்துவிடாதீர்கள்.

ஆகவே இந்த ஆண்டே பிரஷர், சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு, ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். இடுப்புச் சுற்றளவு 80 செ.மீ.க்குள் இருக்கிறதா என்று டேப் வைத்து அளந்து பாருங்கள். அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்திருந்தாலோ, நீங்கள் நெடுநாள் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டிருந்தாலோ, மிகவும் ஒல்லியாக இருந்தாலோ எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனை எப்போது எடுக்கலாம் என்று மருத்துவரிடம் கேளுங்கள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை மாதவிடாய் நின்றதோடு முடிந்துவிடுவதில்லை, அரசுத் திட்டத்திலேயே 65 வயதுவரை உண்டு.

மாதவிடாய் நின்றவருக்கு ஒரு நாளைக்கு 1200 மி.கி. கால்சியம் வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரை. 100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 மி.கி. இருக்கிறது. அதோடு பால், தயிர், எள், முள்ளோடு சாப்பிடக்கூடிய சின்ன மீன், கீரை என்று சேர்த்துக்கொண்டே வந்தால் பெரும்பகுதி சாப்பாட்டிலேயே கிடைத்துவிடும். நடைப்பயிற்சி நல்லது, ஆனால் அது மட்டும் போதாது. மாடிப்படி ஏறுவது, எடை தூக்குவது போல எலும்புக்கும் தசைக்கும் வேலை கொடுக்கும் பயிற்சி வாரத்தில் இரண்டு நாளாவது வேண்டும்.

தொந்தரவு இல்லாத உங்களுக்கு ஹார்மோன் மாத்திரை தேவையில்லை. ஆனால் இதைப் படிக்கும் வேறொருவருக்கு 40 வயதுக்குள்ளேயே நின்றுபோயிருந்தால், அவருக்குத் தொந்தரவே இல்லாவிட்டாலும் கட்டாயம் மருத்துவரைப் பார்க்க வேண்டும். எலும்பையும் இதயத்தையும் காக்க, அந்த வயதில் பெரும்பாலும் ஹார்மோன் சிகிச்சை தேவைப்படும். கர்ப்பப்பையை எடுத்து, சினைப்பையை விட்டுவைத்தவர்களுக்கு எப்போது மெனோபாஸ் ஆனது என்பதே தெரியாமல் போகலாம். அவர்களும் மேலே சொன்ன பரிசோதனைகளைச் செய்துகொள்வது நல்லது.

இன்னொன்றும் உண்டு. உங்களுக்கு 50 வயதுக்கு முன்பே நின்றிருக்கிறது. குடும்பக் கட்டுப்பாடு அறுவைசிகிச்சை செய்துகொள்ளாதவர் என்றால், கடைசி மாதவிடாயிலிருந்து 2 ஆண்டுகள்வரை கருத்தடைப் பாதுகாப்பு அவசியம். பிறப்புறுப்பு வறட்சி, எரிச்சல், அடிக்கடி சிறுநீர்த் தொற்று ஆகியவை சில ஆண்டுகள் கழித்துக்கூட வரலாம். இவை வெப்ப அலையைப்போல் தானாக அடங்குவதில்லை. சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு பல பெண்கள் வீணாக வேதனைப்படுகிறார்கள். உள்ளே தடவும் கிரீமிலேயே நல்ல குணம் தெரியும்.

நின்று ஓராண்டு ஆனபின் ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும், "திரும்ப வந்துவிட்டது" என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரும்பாலும் சாதாரணக் காரணமாகத்தான் இருக்கும். ஆனால் அப்படி வருகிறவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குக் கர்ப்பப்பைப் புற்றுநோய் இருக்கிறது. சீக்கிரம் கண்டுபிடித்தால் நன்றாகக் குணமாகும் புற்றுநோய் அது. வலி இல்லை, ஒரு நாளோடு நின்றுவிட்டது என்று தள்ளிப்போடாமல், அந்த வாரமே போய் ஸ்கேன் எடுத்துவிடுங்கள்.