துன்பம் தீராத காலத்தில் விசுவாசம் வளருமா?

கேள்வி: கஷ்டங்கள் ஓயாமல் தொடரும்போது கிறிஸ்தவ விசுவாசத்தில் வளர முடியுமா? ஜெபித்தாலும் மனம் வறண்டு கிடக்கிறது. சபையிலோ "உனக்கு விசுவாசம் போதவில்லை" என்கிறார்கள்.

முடியும். ஆனால் வளர்ந்திருக்கிறோம் என்பது நமக்கே தெரியாத அளவுக்கு அது மெதுவாக நடக்கும்.

நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மும்பைக்கு வந்து சயானில் குடியிருப்பவர்கள். என் கணவருக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டன. வாரத்தில் 3 நாள் டயாலிசிஸ், ஒவ்வொரு முறையும் 4 மணி நேரம். மாற்றுச் சிறுநீரகம் கிடைக்கும்வரை அந்த இயந்திரம்தான் கதி. எங்கள் தமிழ்ச் சபைகளில் சாட்சி என்றால் முடிவு நன்றாக இருக்க வேண்டும்: நோய் வந்தது, ஜெபித்தோம், சுகமானது, அல்லேலூயா. நடுவழியில் நிற்பவருக்கு ஒலிபெருக்கியைக் கொடுக்க மாட்டார்கள்.

நோய் வந்த புதிதில் பார்க்க வந்தவர்கள் பலரும் இளநீர் வாங்கிவந்தார்கள். சிறுநீரகம் வேலை செய்யாதவருக்கு அது ஆகாது. அதிலுள்ள பொட்டாசியம் வெளியேற வழியில்லாமல் இரத்தத்தில் சேர்ந்து இதயத் துடிப்பையே குலைத்துவிடும். அன்போடு நீட்டும் கையிடம் இதை எப்படி விளக்குவது? எதிர்வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் கொண்டாட்டம். ஆறுதலாகச் சொல்லப்படும் வசனங்களும் பல நேரம் இந்த இளநீர் மாதிரிதான். சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கும் என்ற ரோமர் 8ஆம் அதிகார வசனத்தில் ஒரு குறையும் இல்லை. அவசரப் பிரிவின் வாசலில் நின்றுகொண்டிருந்த எனக்கு அது தொண்டையில் இறங்கவில்லை, அவ்வளவுதான்.

இறங்கியது 88ஆம் சங்கீதம். முறையிட்டு அழும் சங்கீதங்களில் பெரும்பாலானவை கடைசியில் எப்படியாவது நம்பிக்கைக்கோ துதிக்கோ திரும்பிவிடும். இது திரும்பவே இல்லை, இருளில் முடிகிறது. அதையும் ஆலயத்தில் பாடும் பாட்டாக வேதத்தில் வைத்திருக்கிறார்கள். தேவனிடம் குறை சொல்வது விசுவாசக் குறைவு என்றால் அந்தப் பக்கத்தை முதலில் கிழித்திருக்க வேண்டும். குறை சொன்னாலும் அவரிடம்தானே சொல்கிறோம்!

டிசம்பர் 31 இரவு ஆராதனையில், புது வருஷத்துக்கென ஒரு வேத வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை எடுப்போம் அல்லவா? அதில் அடிக்கடி வருவது, தேவனுடைய இரக்கங்கள் காலைதோறும் புதியவை என்ற வசனம். அது புலம்பல் புத்தகத்தின் 3ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அந்த நம்பிக்கையைச் சொன்ன பிறகும், இடிந்துபோன எருசலேமுக்காக இன்னும் 2 அதிகாரங்கள் அழுகை தொடர்கிறது. கடைசி வசனத்தை எவரும் அட்டையில் அச்சடிப்பதில்லை. எடுத்துப் படித்துப் பாருங்கள், ஏன் என்று புரியும்.

உங்களுக்கு விசுவாசம் போதவில்லை என்றவர்களிடம் அப்போஸ்தலன் பவுலைப் பற்றிக் கேளுங்கள். தன் மாம்சத்திலுள்ள முள்ளை, அதாவது தன்னை வாட்டிய வேதனையை, எடுத்துவிடும்படி அவர் 3 முறை வேண்டினார். முள் போகவில்லை, கிருபை போதும் என்ற பதில்தான் வந்தது. அவருக்கும் விசுவாசம் போதவில்லையா?

எனக்குப் பொறுமை வளர்ந்துவிட்டது என்று சொன்னால் என் கணவரே சிரிப்பார். மாறியது வேறு. தேவனோடு பேரம் பேசுவது நின்றுவிட்டது. அடுத்த கட்டிலில் இருப்பவரின் மனைவி மராத்திக்காரர். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருப்பது அரைகுறை இந்திதான். அவருடைய மகளின் பரீட்சைக்காக நான் ஜெபிக்கிறேன். என் வீட்டுக்காக வாய் திறக்க முடியாத நாளிலும் அந்தப் பெண்ணுக்காக ஜெபம் வந்துவிடுகிறது.

அச்சிட்ட ஜெபத்தை உயிரற்றது என்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. சொந்த வார்த்தைகள் வற்றியவருக்கு அதுதான் கைகொடுக்கும். ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் நம்புவதை அறிக்கையிடும் விசுவாசப் பிரமாணத்தைச் சபையார் எல்லோரும் சேர்ந்து சொல்லும்போது என் குரல் பாதியில் நின்றாலும் பிரமாணம் நிற்பதில்லை. எங்கள் மாடியில் இருக்கும் கத்தோலிக்க அக்கா செப்டம்பரில் பாந்த்ரா மவுண்ட் மேரி ஆலயத்துக்கு அழைத்துப்போனார். கை, கால், வீடு என மெழுகில் செய்த உருவங்களை வாங்கிக் காணிக்கையாகக் கொண்டுபோகிறார்கள். எங்கள் சபையில் இதை ஏற்க மாட்டார்கள். ஆனால் வேண்டுதலை ஏந்திக்கொள்ள அவர்களுக்கு ஒரு பொருள் இருக்கிறதே என்று எனக்குச் சற்றுப் பொறாமையாக இருந்தது.

வேதத்தில், எல்லாவற்றையும் இழந்து நோயில் கிடந்த யோபின் நண்பர்கள் செய்ததில் உருப்படியான காரியம், 7 நாள் வாய் திறக்காமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்ததுதான். பேசத் தொடங்கிய பிறகு கெடுத்தார்கள். 42ஆம் அதிகாரத்தில் கர்த்தரே அவர்களைக் கடிந்துகொள்கிறார். எங்கள் சபையிலும் அந்த முதல் 7 நாள் ரகத்தில் ஓர் அண்ணன் இருக்கிறார். டயாலிசிஸ் முடியும்வரை என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து செய்தித்தாள் படிப்பார். அந்த நேரத்தில் நான் வீட்டில் தூங்குவேன். அப்படி ஒருவர் உங்கள் சபையில் இருந்தால் கூச்சப்படாமல் உதவி கேளுங்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். விசுவாசம் இருந்தால் மருந்தை நிறுத்து என்று யார் சொன்னாலும், அவர் எவ்வளவு பெரிய ஊழியக்காரராக இருந்தாலும், கேட்காதீர்கள். டயாலிசிஸைத் தள்ளிப்போட்டால் உடம்பில் தேங்கும் நீர் நுரையீரலுக்குப் போய் மூச்சு முட்டும். எங்கள் ஆயர் ஒருமுறை உபவாச ஜெபத்துக்கு என் கணவரை அழைத்தார். அன்று டயாலிசிஸ் நாள். வர முடியாது, அங்கே படுத்துக்கொண்டே ஜெபிக்கிறேன், 4 மணி நேரம் இருக்கிறது என்று இவர் சொல்லிவிட்டார்.