சொந்த ஊரில் களப்பணி – கடிதம்

அன்புள்ள ஐயா,

குடியாத்தத்தை ஒட்டிய ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். பி.ஏ. வரலாறு, கடைசி ஆண்டு. அடுத்து சமூகப் பண்பாட்டு மானிடவியல் படிக்க ஆசை. வீட்டில் அம்மாவும் அத்தையும் பீடி சுற்றுகிறார்கள், அதையே ஆய்வாகச் செய்யலாம் என்று இருக்கிறேன். கல்லூரியில் கேட்டால், "அதுவும் சமூகவியலும் ஒன்றுதான், சமூகவியலே படி" என்கிறார்கள். உண்மையா? எங்கே சேரலாம்? சொந்த ஊர் என்பதால் ஆய்வு சுலபமாக இருக்கும்தானே? வேலை கிடைக்குமா? ஆங்கிலம் வாசிக்க வரும், எழுதத்தான் தடுமாற்றம்.

க.

அன்புள்ள க.,

இரண்டு துறைக்கும் நடுவில் நம் நாட்டில் இருப்பது முழங்கால் உயர வேலிதான். ஆக்ஸ்ஃபோர்டில் மானிடவியல் படித்த எம்.என்.ஸ்ரீனிவாஸ் 1959-ல் டெல்லிக்குப் போய்த் தொடங்கியது சமூகவியல் துறை. ஆனால் பட்டப்படிப்பு என்று வரும்போது வேறுபாடு உண்டு. இங்கே மானிடவியல் எம்.ஏ. என்றால் பெரும்பாலும் முழு மானிடவியல். மண்டையோட்டு அளவு, மரபியல், பழைய கற்கால ஆயுதங்கள் எல்லாம் முதல் இரண்டு செமஸ்டரில் வரும். சடங்கும் உறவுமுறையும் மட்டும் படிக்கலாம் என்று நினைத்துச் சேர்பவர்கள் அங்கேதான் திணறுகிறார்கள். சேருமுன் பாடத்திட்டத்தை வரிவரியாகப் பாருங்கள்.

உங்களுக்கு அருகில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் சேப்பாக்கம் வளாக மானிடவியல் துறை இருக்கிறது. அடுத்து புதுச்சேரி, ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகங்கள். இவை இரண்டுக்கும் சி.யு.இ.டி. முதுநிலைத் தேர்வு என்னும் பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். விண்ணப்பம் குளிர்கால மாதங்களிலேயே முடிந்துவிடுவதால், மே மாதம் டிகிரி ரிசல்ட் வந்த பிறகு பார்க்கலாம் என்று இருந்தால் ஒரு வருடம் போய்விடும். தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் கழிப்பார்கள், குருட்டாம்போக்கில் குறிக்க வேண்டாம்.

துறையைத் தேர்ந்தெடுக்கும்போது பெயரைவிட முக்கியமாகக் கேட்க வேண்டியவை மூன்று. களப்பணி எத்தனை நாள்? தனியாகவா, கும்பலாகவா? குறிப்பேட்டை ஆசிரியர் வாசித்துத் திருத்துவாரா? இருபது பேர் ஒரே வேனில் ஜவ்வாது மலைக்குப் போய்ப் பத்து நாள் தங்கி, அச்சடித்த கேள்வித்தாளை நிரப்பிக்கொண்டு வருவதையும் களப்பணி என்றே எழுதிக்கொள்கிறார்கள். அதில் கற்றுக்கொள்ளக்கூடியது மலைக்குளிரில் சமைப்பது எப்படி என்பதுதான்.

இனி உங்கள் ஊர் விஷயம். சுலபம் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வெளியூர்க்காரன் கேட்டால் பத்து நிமிடம் விளக்குவார்கள். உங்களுக்குக் கிடைக்கும் பதில், "உனக்குத் தெரியாததா?" அதோடு பேச்சு முடிந்துவிடும். பொதுவாகக் கேட்கும் கேள்விக்குத்தான் இந்தப் பதில் வரும். "நம்ம ஊரில் சீர் எப்படிச் செய்வார்கள்?" என்று கேட்காதீர்கள். "உங்கள் பெரிய பெண் கல்யாணத்துக்கு யார் யார் என்ன கொண்டு வந்தார்கள்?" என்று கேளுங்கள், மொய் நோட்டையே எடுத்துக் காட்டுவார்கள்.

இரண்டாவது சிக்கல், நீங்கள் எந்தத் தெருப் பிள்ளை என்பது எல்லாருக்கும் தெரியும். முதல் வாரம் முழுக்க ஊர்ப்பக்கத்து டீக்கடையிலேயே உட்கார்ந்துவிட்டு இரண்டாம் வாரம் காலனிக்குப் போனால், அங்கே மரியாதையாகப் பேசுவார்கள், ஒன்றும் சொல்லமாட்டார்கள். முதல் மூன்று நாளுக்குள் எல்லாத் தெருவிலும் தலை காட்டிவிட வேண்டும். வரைபடத்தையும் வீட்டுக் கணக்கையும் முதலில் வைத்துக்கொள்ளச் சொல்வது இதற்காகத்தான். ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் எண், நாற்பது ஐம்பது வீடு போதும். அந்தச் சாக்கில் எல்லா வாசலும் ஏறிவிடலாம்.

உறவு வரைபடத்தில்தான் நம் பக்கத்து மாணவர்கள் அதிகம் தடுக்கி விழுகிறார்கள். ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம், திருமணத்துக்கு இரட்டைக் கோடு. பாடநூலில் இது அழகாக மரம்போல விரியும். நம் வீடுகளில் அக்கா மகளைக் கட்டியவர் இருப்பார். அந்தப் பெண் ஒரு தலைமுறை கீழேயும் இருக்கிறாள், கணவனுக்குப் பக்கத்திலும் இருக்கிறாள். இரண்டு இடத்திலும் வட்டம் போட்டால் வீட்டில் ஓர் ஆள் கூடிவிடும், பிறகு எண்ணிக்கை எதுவும் ஒத்துவராது. ஆளுக்கு ஓர் எண் கொடுத்து ஒருமுறை மட்டும் வரையுங்கள், கோடு வளைந்து போகட்டும். கூப்பிடும் சொல்லையும் உறவையும் தனித்தனிப் பத்தியில் எழுதுங்கள். "மாமா" என்றால் தாயோடு பிறந்தவர், மாமனார், அக்காள் கணவர், தெருவில் போகும் பெரியவர், யாராகவும் இருக்கலாம்.

பீடிக்கு வருவோம். "பீடித் தொழிலாளர் வாழ்வியல்" என்று விண்ணப்பத்தில் எழுதினால் அது தலைப்பு மட்டுமே, அதில் கேள்வி இல்லை. கேள்வி உங்கள் வீட்டுத் திண்ணையிலேயே இருக்கலாம். முந்தின நாள் இலையை நனைத்து வைத்தது யார், காலையில் தகடு வைத்து வெட்டியது யார், தூள் வைத்துச் சுற்றியது யார், பள்ளி விட்டு வந்து முனை மடக்கியது யார், பீடிக் கட்டுகளை எடுத்துக்கொண்டு போய்க் கணக்குக் கொடுத்தது யார் என்று ஒரு நாள் முழுக்க மணி போட்டு எழுதிப் பாருங்கள். கடைசியாக, பீடித் தொழிலாளி என்பதற்கான கார்டு யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். சுற்றுவது மூன்று பேர், கார்டு ஒருத்தி பெயரில் என்றால், ஆயிரம் பீடிக்கு வரும் கூலி வீட்டுக்குள் எப்படிப் பிரிகிறது? கழித்துப்போட்ட பீடியின் நஷ்டம் யார் தலையில் விழுகிறது? அரசுக் கணக்கில் அந்த வீட்டுக்கு ஒரு தொழிலாளி. உங்கள் நோட்டில் மூன்று. ஆய்வு இந்த இடைவெளியில்தான் தொடங்குகிறது. "பாவம், கஷ்டப்படுகிறார்கள்" என்ற வரியை எழுதத் தோன்றினால் வலப்பக்கம் தனியாக ஒரு கட்டம் போட்டு அதில் எழுதுங்கள். கண்டதும் நினைத்ததும் கலந்துவிட்டால் ஆறு மாதம் கழித்துப் பிரிக்க முடியாது.

அம்மாவும் அத்தையும் உங்கள் தகவலாளிகள் ஆகிவிட்டால் ஒப்புதல் கேட்பது கூச்சமாக இருக்கும். கேட்டே ஆக வேண்டும். ஊர்ப் பெயரை மாற்றினாலும் "குடியாத்தம் அருகே, கார்டு வைத்திருக்கும் விதவை" என்று எழுதினால் கம்பெனி ஏஜெண்டுக்கு ஆள் யாரென்று தெரிந்துவிடும். கார்டு பறிபோனால் உங்கள் ஆய்வேடு ஈடு செய்யாது. கூலித் தகராறு மாதிரி விஷயங்களுக்கு அடுத்த தாலுகாவில் ஓர் ஊர் பார்ப்பதே நல்லது என்பது என் எண்ணம்.

உங்கள் ஊர் முன்பு சேர்ந்திருந்த வடாற்காடு மாவட்டத்துக்கு ஒரு வசதி உண்டு, நம் ஆட்களே அதிகம் கவனிப்பதில்லை. இது திரும்பத் திரும்ப ஆராயப்பட்ட மாவட்டம். சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916-ல் தம் மாணவர்களைக் கொண்டு எடுத்த கிராமக் கணக்குகளில் செய்யாறு பக்கத்துத் தூசியும் ஒன்று. 1930களிலும் 1980களிலும் அதே ஊரை மறுபடி ஆராய்ந்தார்கள். 1973-74-ல் கேம்பிரிட்ஜ், சென்னைக் குழுவினர் பசுமைப் புரட்சியைப் பற்றி வடாற்காட்டுக் கிராமங்களில் பணியாற்றினார்கள். ஆரணி நகரத்தின் வியாபாரத்தை ஆய்வாளர் பார்பரா ஹாரிஸ்-வைட் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார். பழைய கணக்கு கையில் இருக்கும் ஊரில் எம்.ஏ. மாணவர் மூன்று மாதத்தில் செய்யும் வேலைக்கும் எடை கூடும்.

பழைய எண்களை எடுக்கும்போது மட்டும் எச்சரிக்கை. வடாற்காடு 1989-ல் இரண்டானது, வேலூர் 2019-ல் மூன்றானது. 2011 கணக்கெடுப்பில் "வேலூர் மாவட்டம்" என்றால் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் உள்ளே இருக்கின்றன. ஆரணி இன்று திருவண்ணாமலை மாவட்டம். மாவட்ட எண்ணை விட்டுவிட்டு கிராம எண்ணை ஒப்பிடுங்கள்.

வேலை பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் மானிடவியல் துறைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. கல்லூரி ஆசிரியர் பணிக்கான தகுதித் தேர்வான நெட் தேர்வில் மானிடவியல் தனிப்பாடம். அதன்வழி ஜே.ஆர்.எஃப். என்னும் ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், 2023-லிருந்து இதுதான் தொகை. ஆசிரியப் பணி ஒன்றையே நம்பியிருந்தால் உங்கள் கல்லூரிக்காரர்கள் சொன்னது சரி, சமூகவியலில் இடம் அதிகம். பொதுச் சுகாதார ஆய்வுகளில் நேர்காணல் எடுத்து, கேட்டு எழுதி, வகைப்படுத்தத் தெரிந்தவர்களுக்குத் தேவை உண்டு. வெளிநாடு என்றால், மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை 2022-23 விதிகளில் இந்தியச் சமூகம், பண்பாடு பற்றிய ஆய்வுகளை விலக்கிவிட்டார்கள். குடியாத்தத்துப் பீடியை லண்டனில் எழுத அந்தப் பணம் உதவாது. விண்ணப்பிக்கும் ஆண்டின் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆங்கிலம். ஆய்வேடு ஆங்கிலத்தில் கேட்பார்கள், அதற்கு இரண்டு வருடம் இருக்கிறது. களக்குறிப்பைத் தமிழிலேயே எழுதுங்கள், அதுவும் சொன்ன பேச்சிலேயே. "இப்ப இன்னா கீது" என்று சொன்னவரின் வரியை "தற்போது எதுவும் இல்லை" என்று திருத்தி எழுதினால் அலுப்பு போய்விடும், தகவல் மட்டும் மிஞ்சும். ஒரு மணிநேரப் பதிவை எழுத ஐந்தாறு மணிநேரம் ஆகும், அன்றன்றே முடித்துவிடுங்கள். உடனுக்குடன் ஆங்கிலத்தில் மாற்றுவதில் இன்னொரு கேடும் உண்டு. "முறை" என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஏரித் தண்ணீருக்கு முறை, கட்டிக்கொள்ள முறை, கோயிலில் முதல் மரியாதை வாங்கும் முறை. மூன்றுக்கும் மூன்று ஆங்கிலச் சொல் போட்டுவிட்டால், ஊரில் இவை ஒரே சொல்லாக இருப்பது உங்கள் நோட்டிலிருந்து காணாமல் போய்விடும்.