கிளிப்பை நகர்த்தினால் எல்லாம் கலைகிறது!

கேள்வி: ஷாட்கட் (Shotcut) என்ற மென்பொருளில் வீடியோ எடிட் செய்கிறேன். நடுவில் ஒரு கிளிப்பை (வீடியோத் துண்டை) 3 விநாடி தள்ளினால் அடுத்த கிளிப்போடு கலந்துவிடுகிறது. பின்னால் உள்ளதையெல்லாம் ஒவ்வொன்றாக நகர்த்த வேண்டுமா?

பதில்: வேண்டவே வேண்டாம். கிளிப்புகள் வரிசையாக நிற்கும் டைம்லைனுக்கு மேலே உள்ள ரிப்பிள் பொத்தானை அழுத்திவிட்டு அதே கிளிப்பை இழுங்கள், ரயில் பெட்டிகள் மாதிரி பின்னால் இருப்பதெல்லாம் சேர்ந்தே 3 விநாடி நகரும். ஒரு வம்பு: நகர்வது அந்த ஒரு டிராக் (டைம்லைனில் ஒரு வரிசை) மட்டும்தான், தனி டிராக்கில் போட்ட குரல் இருந்த இடத்திலேயே நிற்க, வாயசைப்பு ஒரு பக்கம் பேச்சு ஒரு பக்கம் என்றாகிவிடும் (நானும் மாட்டியிருக்கிறேன்). அதற்குத்தான் எல்லா டிராக்குக்குமான ரிப்பிள் தனியாக இருக்கிறது, அதைப் போடுங்கள். அப்புறம் வேலை முடிந்ததும் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒரு கிளிப்பின் ஓரத்தில் லேசாக வெட்டினாலும் மொத்தமும் இடம் மாறும்.