பத்துப் பேர் எடுத்தது போன்ற படங்கள்

அன்புள்ள ஐயா,

செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளை ஒரு வருடமாகப் படம் எடுத்து வருகிறேன். தனித்தனியாகப் பார்த்தால் பரவாயில்லை. வரிசையாக வைத்தால் பத்துப் பேர் எடுத்தது போல இருக்கிறது. காசு கொடுத்து, படத்தின் நிறத்தை ஒரே சொடுக்கில் மாற்றும் பிரீசெட் வாங்கிப் போட்டும் ஒட்டவில்லை. எனக்கென்று ஒரு பாணி எப்படி வரும்? சில படங்களை இணைத்திருக்கிறேன்.

ஒரு வாசகர், சேலம்

அன்புள்ள நண்பருக்கு,

படங்களைப் பார்த்தேன். பிரீசெட் மீது குற்றமில்லை. அது எல்லாப் படத்துக்கும் ஒரே மாற்றத்தைத்தான் செய்யும். படங்கள் ஆளுக்கொரு நிறத்தில் வந்திருந்தால் அதைப் போட்ட பிறகும் அப்படியேதான் இருக்கும்.

நீங்கள் எடுப்பது வெள்ளி. கண்ணாடி மாதிரி, பக்கத்தில் இருப்பதையெல்லாம் வாங்கிக் காட்டும். பற்றவைப்பவர் கையிலிருக்கும் அந்தக் கொலுசைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு பக்கம் நீலம், அது அவருடைய சட்டை. மறுபக்கம் தீச்சுடரின் மஞ்சள். மேலே டியூப் லைட், வாசலில் பகல் வெளிச்சம். இதற்கு நடுவே, வெளிச்சத்துக்கு ஏற்ப நிறத்தைச் சரிசெய்யும் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் ஒவ்வொரு கிளிக்குக்கும் புதிதாக ஊகிக்கிறது. அதைப் பகல் வெளிச்சத்துக்கான 5500 கெல்வினில் நிறுத்திவிட்டு, கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாக எடுங்கள். எக்ஸ்போஷரும், அதாவது படத்துக்குள் விடும் வெளிச்சத்தின் அளவும், மேனுவலில் இருக்கட்டும். ஆட்டோவில் விட்டால், வெள்ளிக் குவியலுக்குக் கிட்டே போகும்போது கேமராவின் ஒளி மீட்டர் படத்தை இருட்டாக்கிவிடும்.

டியூப் லைட்டை அணைக்கச் சொல்லாதீர்கள், அவர்களுக்குக் கண் தெரிய வேண்டாமா? பகல் வெளிச்சம் விழும் வாசலோரம் உட்கார்ந்து வேலை செய்பவர்களை மட்டும் எடுங்கள். நிறைய பட்டறைகள் விட்டுப்போகும். போகட்டும்.

ஜெர்மனியில் பெர்ன்ட், ஹில்லா பெக்கர் என்ற புகைப்படக்காரத் தம்பதியர் 1959-லிருந்து பல பத்தாண்டுகள் தண்ணீர்த் தொட்டிகளையும் ஊதுலைகளையும் எடுத்தார்கள். நேருக்கு நேர், கறுப்பு வெள்ளையில், மேகமூட்டமான வெளிச்சத்தில். 1990-ல் வெனிஸ் பியன்னாலே கலைக் கண்காட்சியில் அவர்களுக்குக் கிடைத்தது சிற்பத்துக்கான விருது என்பது தனி வேடிக்கை. அவர்கள் பாணி என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி, பொத்தானை அழுத்துவதற்கு முன்பே முடிவானது. அதற்காக அவ்வளவு கறாராக இருக்க வேண்டியதில்லை. மனிதர்கள் இருக்கும் இடம் அசையத்தான் செய்யும்.

லென்ஸின் பார்வையை மட்டும் ஒரே அளவில் பிடித்துக்கொள்ளுங்கள். உங்கள் 18-55 ஜூம் லென்ஸை 35 மி.மீ.-ல் வைத்து செல்லோடேப் ஒட்டிவிடுங்கள். கிட்டே வேண்டுமென்றால் நடந்து போங்கள்.

கறுப்பு வெள்ளையாக்கினால் நிறப் பிரச்சினை ஒரே நாளில் தீரும். அந்தச் சுடரின் மஞ்சளை விட எனக்கு மனசில்லை. உங்கள் படம், உங்கள் முடிவு.

அப்புறம், ஏற்காட்டு மூடுபனி எப்படி இந்த வரிசைக்குள் வந்தது? அழகாகத்தான் இருக்கிறது. எடுத்துவிடுங்கள். மிச்சத்தை போஸ்ட்கார்டு அளவில் பிரிண்ட் போட்டுத் தரையில் பரப்புங்கள். போனில் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தால் துருத்திக்கொண்டிருப்பது எது என்று தெரியாது. வாசல் வெளிச்சத்தில் எடுத்ததும் அனுப்புங்கள், பார்க்கிறேன்.