கையெழுத்தான பிறகும் போர் விமானத்தின் விலை ஏறுவது ஏன்?

கேள்வி: சுவிட்சர்லாந்து 36 எஃப்-35 விமானங்களை ‘மாறாத விலை’க்கு வாங்கியதாகச் சொன்னது. பிறகு அமெரிக்கா கூடுதல் பணம் கேட்டது. ஒப்பந்தம் முடிந்த பிறகு விலை எப்படி ஏறும்? எஃப்-35, ரஃபால், கிரிப்பன், யூரோஃபைட்டர் என்று பல திட்டங்கள் எதிரே இருக்கும்போது ஒரு சிறிய நாடு எதை முதலில் பார்க்க வேண்டும்? போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். கணக்கோடு விளக்கினால் உதவியாக இருக்கும்.

பதில்: முதலில் விலையைப் பார்த்துவிடுவோம். எஃப்-35 விமானத்தைச் செய்வது லாக்ஹீட் மார்ட்டின் நிறுவனம். ஆனால் வெளிநாடுகளுக்கு அதை விற்பது அமெரிக்க அரசு. ‘வெளிநாட்டு ராணுவ விற்பனை’ எனப்படும் இந்த முறையில் அமெரிக்க அரசு லாபமும் பார்க்கக் கூடாது, நட்டமும் படக் கூடாது. அதனால் வாங்கும் நாடு கையெழுத்திடும் ஆவணத்தில் இருக்கும் தொகை ஒரு மதிப்பீடுதான். கடைசியில் நிறுவனத்துக்கு அமெரிக்க அரசு என்ன கொடுக்கிறதோ, அது வாங்கும் நாட்டின் கணக்கில் ஏறும்.

விமானங்கள் தொகுதி தொகுதியாகத் தயாராகின்றன. ஒவ்வொரு தொகுதிக்கும் அமெரிக்க அரசும் நிறுவனமும் தனியாகப் பேரம் பேசும். சுவிஸ் அரசு 2022 செப்டம்பரில் 603.5 கோடி ஃபிராங்குக்குக் கையெழுத்திட்டபோது, அதற்கு வரவேண்டிய பிந்தைய தொகுதிகளுக்குப் பேரமே முடியவில்லை. அமெரிக்க அரசும் நிறுவனமும் போடும் ஒப்பந்தம் மாறாத விலைக்குத்தான், அதே பலன் தனக்கும் வரும் என்று சுவிஸ் அரசு எடுத்துக்கொண்டது. அந்த உறுதிக்குச் சட்டப் பிடிமானம் இல்லை என்று அந்நாட்டுத் தணிக்கை அலுவலகம் 2022லேயே எழுதிவைத்தது. 2025ல் அமெரிக்கத் தரப்பு, ‘மாறாத விலை’ என்று நீங்கள் நினைத்தது தவறான புரிதல் என்று சொல்லிவிட்டது. பணவீக்கம், மூலப்பொருள் விலை என்று காரணம் காட்டிக் கேட்ட கூடுதல் தொகை 65 கோடியிலிருந்து ஏறத்தாழ 130 கோடி டாலர் வரை.

ஆகவே எந்த ஒப்பந்தத்தைப் படித்தாலும் மூன்றைத் தேடுங்கள். விலையை நிர்ணயிப்பவர் யார்? அந்த விலை எந்த ஆண்டின் பண மதிப்பில் சொல்லப்பட்டது? தகராறு வந்தால் எங்கே முறையிடுவது? அரசுக்கும் அரசுக்கும் நடக்கும் விற்பனையில் மூன்றாவது கேள்விக்குப் பெரும்பாலும் ‘இரு அரசுகளும் பேசித் தீர்த்துக்கொள்ளும்’ என்பதே விடை. சிறிய நாடு பெரிய நாட்டோடு பேசித் தீர்ப்பது என்றால் யார் இறங்கிவர வேண்டியிருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இனி தேர்வு. ரேடாரையும் ஏவுகணையையும் ஒப்பிடுவதிலிருந்து தொடங்காதீர்கள். விமானம் செய்யவேண்டிய வேலை என்ன என்பதிலிருந்து தொடங்குங்கள். 2014 பிப்ரவரி 17 அதிகாலையில் அடிஸ் அபாபாவிலிருந்து ரோம் போக வேண்டிய எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ் விமானத்தை அதன் துணை விமானியே கடத்தி ஜெனீவாவுக்குக் கொண்டுவந்தார். காலை 6 மணி அளவில் அது தரையிறங்கியது. கூடவே பறந்துவந்தவை இத்தாலிய, பிரெஞ்சு போர் விமானங்கள். சுவிஸ் விமானம் ஒன்றுகூட மேலே போகவில்லை. காரணம், சுவிஸ் விமானப்படையின் காவல் பணி அப்போது வார நாட்களில் காலை 8 மணிக்குத்தான் தொடங்கும். நல்ல எஃப்/ஏ-18 விமானங்கள் கொட்டகையில் நின்றன. இரவு முழுதும் விழித்திருக்க ஆளும் அதற்கான பணமும்தான் இல்லை. நாள் முழுதும் இரண்டு விமானங்கள் 15 நிமிடத்தில் கிளம்பத் தயாராக இருக்கும் ஏற்பாடு 2020 இறுதியில்தான் முழுமையடைந்தது.

அந்த இரண்டு விமானங்களுக்குப் பின்னால் எவ்வளவு வேண்டும்? விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். வாரத்துக்கு 168 மணி நேரம், இரண்டு இருக்கைகள் என்றால் 336 மணி நேரம். ஒருவருக்கு வாரம் 40 மணி நேரம் என்று வைத்தால் எட்டரைப் பேர். விடுப்பு, மருத்துவச் சோதனை, வகுப்புகளைச் சேர்த்தால் 10 முதல் 12 விமானிகள். ஒரு விமானிக்கு ஆண்டுக்கு 180 மணி நேரப் பறப்பு என்பது நேட்டோ நாடுகள் இலக்காக வைக்கும் அளவு. 12 பேருக்கு 2,160 மணி நேரம். நாட்டிடம் 12 விமானங்கள் இருந்தால் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு 180 மணி நேரம் பறக்க வேண்டும். எந்த நாளிலும் மூன்று நான்கு விமானங்கள் பராமரிப்பில் பிரித்துப் போடப்பட்டிருக்கும். இரண்டு ஆயுதத்தோடு காவலில், ஒன்று மாற்றுக்கு. பயிற்சிக்கு மிஞ்சுவது ஐந்தாறு. அதாவது 12 விமானங்கள் அமைதிக்கால வான்காவலுக்குப் போதும், போருக்குப் போதாது.

போருக்கு என்றால் கணக்கே வேறு. பதற்றக் காலத்தில் நான்கு வாரம், எப்போதும் நான்கு விமானங்கள் வானில் இருக்க வேண்டும் என்பது சுவிஸ் திட்டமிடல். நாளொன்றுக்கு 96 பறப்பு மணி. 36 விமானங்களில் 27 தயார் நிலையில் இருந்தால் ஒவ்வொன்றும் தினமும் மூன்றரை மணி நேரம் பறக்கவேண்டும். 36 என்ற எண் இந்த மாதிரி கணக்கிலிருந்துதான் பிறக்கிறது. எண்ணிக்கையைக் குறைத்தால் எந்தக் கடமையைக் கைவிடுகிறோம் என்று சேர்த்தே சொல்ல வேண்டும். சொல்லாமல் எண்ணை மட்டும் வெட்டுவது மக்களை ஏமாற்றுவதாகும்.

அடுத்தது ஓட்டும் செலவு. 2021 ஜூனில் எஃப்-35ஐத் தேர்ந்தெடுத்தபோது சுவிஸ் அரசு சொன்ன வாங்கும் விலை 506.8 கோடி ஃபிராங்க். 30 ஆண்டு இயக்கச் செலவையும் சேர்த்தால் 1,550 கோடி. வாங்கும் விலை மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குதான். மீதியை 30 ஆண்டுக்கும் 36 விமானத்துக்கும் பிரித்தால், ஒரு விமானத்துக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 97 லட்சம் ஃபிராங்க். மற்ற மூன்று போட்டியாளர்களைவிட இது மலிவு என்று காட்டியதில் ஒரு முக்கியமான அனுமானம் ஒளிந்திருந்தது. விமானியின் வேலையை எஃப்-35 எளிதாக்குவதால் 20 சதவீதம் குறைவாகப் பறந்தால் போதும், மிச்சத்தை சிமுலேட்டர் பார்த்துக்கொள்ளும் என்பது அது. அனுமானம் பொய்த்தால் மலிவும் பொய்த்துவிடும். எனவே விற்பவர் தரும் மொத்தச் செலவு அட்டவணையைப் பார்க்கும்போது, எல்லா விமானங்களுக்கும் ஒரே பறப்பு மணி போட்டு நீங்களே ஒருமுறை பெருக்கிப் பாருங்கள்.

கட்டுமானத்தை எல்லோரும் மறக்கிறார்கள். பயெர்ன், மைரிங்கன், எம்மன் ஆகிய மூன்று தளங்களிலும் எஃப்-35க்காகச் செய்யவேண்டிய வேலைகளுக்கு முதலில் ஒதுக்கிய 12 கோடி ஃபிராங்க் போதவில்லை. அமெரிக்கா கேட்கும் பாதுகாப்பு விதிகளின்படி அறைகளும் வேலிகளும் கட்ட வேண்டும். அவை விமானத்தின் விலைப்பட்டியலில் வராது.

உதிரிபாகத்திலும் ஒரு சிக்கல் உண்டு. ரஃபால் வாங்கினால் கிடங்கில் இருக்கும் பாகம் உங்களுடையது. எஃப்-35 திட்டத்தில் பாகங்கள் எல்லா நாடுகளுக்கும் பொதுவான ஒரு தொகுப்பிலிருந்து வருகின்றன. சாதாரண நாளில் இது சிக்கனம்தான். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அவசரம் என்றால் வரிசையில் நம் இடம் எது என்பதை இன்னொருவர் தீர்மானிப்பார். மேம்பாடுகளும் அப்படித்தான். புதிய கணினிக்கான மென்பொருள் தயாராகாததால், அந்தக் கணினியோடு செய்த எஃப்-35கள் 2023 நடுவிலிருந்து ஏறத்தாழ ஓராண்டு யாருக்கும் கைமாறவில்லை.

அனுமதி பற்றி குரோஷியாவின் அனுபவத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 2018ல் அது இஸ்ரேலிடம் பழைய எஃப்-16 விமானங்கள் 12 வாங்க முடிவெடுத்தது. விமானம் அமெரிக்கத் தயாரிப்பு, அதில் மின்னணுக் கருவிகளைப் பொருத்தியது இஸ்ரேல். அந்தக் கருவிகளோடு விற்க அமெரிக்கா சம்மதிக்கவில்லை. 2019 ஜனவரியில் பேரம் முறிந்தது. பிறகு 2021ல் பிரான்ஸ் விமானப்படை பயன்படுத்திய 12 ரஃபால்களை 99.9 கோடி யூரோவுக்கு எடுத்தது. முதல் ஆறு 2024 ஏப்ரலில் ஜாக்ரெப் வந்து இறங்கின. கிரிப்பன் சுவீடனுடையது என்பதால் இந்தத் தொல்லை இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். அதன் எஞ்சினுக்குள் இருப்பது அமெரிக்கத் தொழில்நுட்பம். எஞ்சின், ரேடார், ஆயுதம், வெளியேற்று இருக்கை என ஒவ்வொன்றுக்கும் எந்த நாட்டின் அனுமதி வேண்டும் என்று ஒரு பட்டியல் போட்ட பிறகே விலை பேச உட்கார வேண்டும்.

பணம் தட்டுப்பாடானால் தரத்தைக் குறைத்து வாங்கலாமா? ஆஸ்திரியா அதைச் செய்து பார்த்தது. 2003ல் 18 யூரோஃபைட்டர் என்று ஒப்புக்கொண்டு, 2007ல் 15 ஆகக் குறைத்து, எல்லாவற்றையும் ஆரம்பகால வகையாக மாற்றி, அகச்சிவப்புத் தேடுகருவியையும் தற்காப்பு மின்னணுக் கருவிகளையும் விட்டுவிட்டது. அன்று மிச்சம் பிடித்ததன் விலை, கருவிகள் குறைந்த ஒரு பழைய வகையைப் பல ஆண்டுகள் பராமரிப்பது. என் பார்வையில் இது மிக மோசமான வழி. அதைவிட செக் குடியரசு செய்ததுபோல் குத்தகை மேல். 2005ல் 14 கிரிப்பன்களை 10 ஆண்டுக்கு எடுத்து, நீட்டித்து, நிதானமாக யோசித்து, 2024ல்தான் 24 எஃப்-35க்கு ஒப்பந்தம் போட்டது.

இன்னொரு வழி சிங்கப்பூருடையது. 2019ல் நான்கு எஃப்-35பி வாங்குவதாகவும், விரும்பினால் மேலும் எட்டு எடுத்துக்கொள்ளும் உரிமையோடும் தொடங்கியது. குறுகிய ஓட்டத்தில் எழும்பும் பி வகையை அது தேர்ந்தெடுத்ததற்கு நிலமே இல்லாத தீவின் ஓடுதளப் பிரச்சினை முக்கியக் காரணம். ஆராய்ந்து பார்த்தபின் 2023ல் அந்த எட்டையும், 2024ல் தொலைவு அதிகம் போகும் ஏ வகையில் எட்டையும் சேர்த்து 20 ஆக்கியது. பழைய எஃப்-16களை 2030களின் நடுவில்தான் ஓய்வுபெறச் செய்யப்போகிறது. அவசரம் இல்லாதவரிடம்தான் விற்பவர் விலையை இறக்குவார். சுவிட்சர்லாந்துக்கு அந்த அவகாசம் இருக்கவில்லை. 2014ல் 22 கிரிப்பன் வாங்கும் திட்டத்தை மக்கள் 53.4 சதவீத வாக்கில் தள்ளிவிட்டார்கள். 2020ல் 600 கோடி ஃபிராங்க் உச்சவரம்பு 50.1 சதவீதத்தில் தப்பிப் பிழைத்தது. அதனால்தான் கூடுதல் தொகை வந்து நின்றபோது, 2025 டிசம்பரில் அரசு அந்த உச்சவரம்புக்குள் எத்தனை விமானம் கிடைக்குமோ அத்தனை போதும் என்ற முடிவுக்கு வந்தது. மேலே போட்ட 96 மணி நேரக் கணக்கில் 36ஐ எடுத்துவிட்டு 30ஐப் போட்டுப் பாருங்கள்.