கேசட் பாட்டு கணினியில் மந்தமாகக் கேட்பது பற்றி

அப்பா பதிந்து வைத்த கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றினால் பாட்டு கம்பளிக்குள்ளிருந்து வருவதுபோல் மந்தமாக இருக்கிறது, உரத்த இடங்களில் கரகரக்கிறது என்று எழுதியிருந்தீர்கள்.

கரகரப்புக்குக் காரணம் நீங்கள் சொருகிய மைக் துளைதான். அது மைக்கின் மெல்லிய சிக்னலுக்கானது, பெரும்பாலும் மோனோ (இடது, வலது என்று பிரியாத ஒற்றை ஒலி) வேறு. கேசட் டெக்கிலிருந்து (கேசட் பிளேயர்) வரும் வலுவான சிக்னலை ஏற்கும் லைன்-இன் துளை உள்ள யூஎஸ்பி ஆடியோ கார்டு வாங்குங்கள்.

மந்தத்துக்கு, முதலில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் டெக்கின் ஹெட்டை, அதாவது நாடாவைத் தொட்டுப் படிக்கும் பாகத்தை, துடையுங்கள். பழுப்பாக ஒட்டிக்கொண்டு வரும். அப்புறமும் தெளியவில்லையா? ஹெட்டுக்குப் பக்கத்தில் ஸ்பிரிங் மாட்டிய சின்ன ஸ்குரூ இருக்கும். இப்போதிருக்கும் நிலையைக் குறித்துக்கொண்டு, பாட்டு ஓடும்போதே, மோனோவில் கேட்டபடி மயிரிழை மயிரிழையாகத் திருப்புங்கள். சட்டென்று ஜால்ரா பளிச்சென மேலே வரும். அங்கே நிறுத்துங்கள். பதிந்த டெக்கின் ஹெட் கோணமும் உங்கள் டெக்கின் கோணமும் ஒத்துப்போகாததால் வரும் வினை இது. கேசட்டுக்குக் கேசட் மாறும்.

தயவுசெய்து எம்பி3-இல் மட்டும் வைக்காதீர்கள், அது சுருக்கும்போது ஒலியில் கொஞ்சத்தை இழந்துவிடும். 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் ஸ்டீரியோ வேவ் (WAV, சுருக்காத ஒலிக்கோப்பு) கோப்பு நிமிடத்துக்குச் சுமார் 10 மெகாபைட் பிடிக்கும். அதையே ஃப்ளாக் (FLAC) கோப்பு வடிவத்தில் போட்டால் ஒரு பிட்கூட இழக்காமல் கணிசமாகச் சுருங்கும். இரைச்சல் நீக்குவதையெல்லாம் நகலில் செய்யுங்கள். பாட்டுக்கு நடுவே அப்பா பேசுவது மெலிதாகக் கேட்கிறது என்றீர்களே, இரைச்சல் நீக்கம் இரைச்சலோடு சேர்த்து அந்தக் குரலையும் அரித்துவிடும்.