நாலு அப்பாக்களும் ஒரு வாடகை அறையும்

வணக்கம் ஐயா,

ஒன்பது வருடமாக மியூனிக்கில் இருக்கிறோம். மகளுக்கு எட்டு வயது. சனிக்கிழமை தமிழ் வகுப்பு என்றாலே அழுகிறாள். நாலு அப்பாக்கள் சேர்ந்து ஒரு வாடகை அறையில் நடத்தும் வகுப்பு, அவ்வளவுதான். என் அலுவலக நண்பர் அர்ஜென்டினாவின் பியூனஸ் அயர்ஸில் ஜெர்மன் பள்ளியில் படித்தவர். ஜெர்மன் அரசே ஆசிரியரை அனுப்புமாம். உலகம் முழுக்க இப்படிச் சுமார் 140 பள்ளிகள். நமக்கும் பின்னால் ஓர் அரசு நின்றால் நம் பிள்ளைகளும் ஒழுங்காகத் தமிழ் படிக்கும் அல்லவா? இப்போதைக்கு மகளை எப்படி வழிக்குக் கொண்டுவருவது?

கார்த்திகா

அன்புள்ள கார்த்திகா,

நண்பர் படித்தது எந்தப் பள்ளி என்று கேட்டுச் சொல்லுங்கள். ஒரு காலத்தில் அந்த ஊரில் ஜெர்மன் பள்ளிகள் இரண்டு கட்சியாக நின்றன. இரண்டு வாரமாக நான் அந்தக் கதையில்தான் கிடக்கிறேன். அதனால்தான் வரிசையில் நின்ற மற்ற கடிதங்களைத் தாண்டி உங்களுக்குப் பதில்.

சம்பளம், புத்தகம், கட்டடம் பற்றியெல்லாம் சண்டை இல்லை. பணம் இருந்தால் கூரை ஒழுகாது. சரி. ஆனால் ‘பின்னால் ஓர் அரசு’ என்று எழுதினீர்களே, அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது.

பியூனஸ் அயர்ஸில் ஜெர்மன் பள்ளிகள் பழையவை. குடியேறியவர்கள் சங்கம் வைத்து நடத்தினார்கள். பெர்லினிலிருந்து மானியம் வரும், ஆசிரியர்கள் வருவார்கள். 1933-ல் ஹிட்லர் வந்தபின் அது நாஜி அரசின் பணம் ஆகிவிட்டது. கடல் கடந்த ஜெர்மானியரைக் கட்டி மேய்க்கக் கட்சியில் தனிக் கிளையே இருந்தது. அதன் தலைவர் எர்ன்ஸ்ட் வில்ஹெல்ம் போலே பிறந்தது இங்கிலாந்தில், வளர்ந்தது கேப் டவுனில். (வெளியூரில் வளர்ந்தவருக்கு ஊர்ப்பற்று தலைக்கேறுவது நாம் பார்க்காததா?) பெரும்பாலான பள்ளிகள் முரண்டு பிடிக்கவில்லை. யூதப் பிள்ளைகளும் நாஜிகளை வெறுத்தவர்களின் பிள்ளைகளும் அங்கே இருக்க முடியாமல் போயிற்று.

அதே ஊரில் ‘அர்ஜென்டினிஷஸ் டாகெப்ளாட்’ என்று ஒரு ஜெர்மன் நாளிதழ். 1889-ல் தொடங்கியது. சுவிட்சர்லாந்திலிருந்து வந்த அலெமான் குடும்பத்துடையது. எர்னெஸ்டோ அலெமான் அதில் நாஜிகளைக் கிழித்துத் தொங்கவிட்டார். ஜெர்மனியில் இதழுக்குத் தடை விழுந்தது. ஹைடல்பெர்க்கில் அவர் வாங்கிய முனைவர் பட்டத்தையும் பிடுங்கிக்கொண்டார்கள். வேறு யாராக இருந்தாலும், இந்த மொழியே வேண்டாம், பிள்ளைகள் ஸ்பானிஷில் படிக்கட்டும் என்று விட்டிருப்பார்கள். அவர் 1934-ல் நண்பர்களோடு சேர்ந்து இன்னொரு ஜெர்மன் பள்ளி தொடங்கினார். பெயர் பெஸ்டலோட்ஸி பள்ளி. தலை, நெஞ்சு, கை மூன்றாலும் குழந்தை கற்க வேண்டும் என்ற கல்வியாளரின் பெயர் அது. அவர் ஜெர்மன் பேசியவர், ஆனால் ஜெர்மனிக்காரர் இல்லை, சுவிஸ்காரர். பெயர்ப்பலகையிலேயே பெர்லினுக்குப் பதில் எழுதிவிட்டார்கள்.

பெர்லின் காசு ஒரு பைசா கிடையாது. ஆசிரியர்களை மட்டும் ஹிட்லரே அனுப்பிவைத்தார், விரட்டி. ஜெர்மன் நாடாளுமன்றத்தில் இருந்த சோஷலிஸ்ட் ஆகஸ்ட் ஸீம்சன் சுவிட்சர்லாந்துக்குத் தப்பி, 1936-ல் அர்ஜென்டினா வந்து, இந்தப் பள்ளியில் வாத்தியார் ஆனார். அவர் நடத்திய பத்திரிகையின் பெயருக்கு ‘வேறொரு ஜெர்மனி’ என்று பொருள். ஜெர்மனியிலிருந்து துரத்தப்பட்ட குழந்தைகள் கப்பலில் வந்து இறங்கி, துரத்தியவனின் மொழியிலேயே கணக்குப் போட்டார்கள், பாட்டுப் பாடினார்கள். அது அவர்களுடைய அம்மாக்களின் மொழியும்தானே. எனக்கு இது நெஞ்சைப் பிசைகிற விஷயம்.

1938 ஏப்ரலில் அந்த ஊர் லூனா பார்க் அரங்கில் ஆயிரக்கணக்கானோர் ஸ்வஸ்திகா கொடிகளோடு கூடி, ஆஸ்திரியாவை ஹிட்லர் விழுங்கியதைக் கொண்டாடினார்கள். அவர்கள் பேசியதும் ஜெர்மன்தான். 1945 மார்ச்சில் அர்ஜென்டினா ஜெர்மனி மீது போர் அறிவித்ததும், அரசு நிழலில் சுகமாக நின்ற பள்ளிகள் எதிரிச் சொத்து என்று பறிபோயின. பெஸ்டலோட்ஸி இன்றும் நடக்கிறது. இப்போது ஜெர்மன் அரசு அதற்கும் உதவுகிறது. நான் சொல்லாவிட்டால் நீங்களே தேடிப் பிடித்துவிடுவீர்கள்.

பல வருடம் முன்பு, வெளிநாட்டில் ஒரு தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவுக்குப் போயிருந்தேன். மண்டபச் செலவு ஒரு புரவலருடையது. அதனால் அவர்மீது ஒரு வாழ்த்துப் பாட்டு. பிள்ளைகளுக்கு இரண்டு மாதப் பயிற்சியாம். ‘வள்ளலே’ என்று வரும்போது எல்லாக் கையும் முன்வரிசையை நோக்கி நீள வேண்டும். ஓரத்தில் நின்ற ஒரு பட்டுப்பாவாடைக் குட்டிக்கு எந்த மாமா என்று தெரியவில்லை. என்னைப் பார்த்து நீட்டினாள். எல்லாரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன். ராத்திரி அறைக்கு வந்தபின் அந்தச் சின்னக் கை கண்ணைவிட்டுப் போகவில்லை.

நாலு அப்பாக்கள், வாடகை அறை, ‘அவ்வளவுதான்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ‘அவ்வளவுதான்’ எனக்குப் பிடிக்கவே இல்லை, கார்த்திகா. வாரம் முழுக்க வேலை பார்த்துவிட்டுச் சனிக்கிழமை காலை அகர வரிசை சொல்லித்தர வருகிற மனிதர்கள் அவர்கள். அம்மாக்கள் எல்லாம் எங்கே போனீர்கள்? நீங்களும் ஒரு மணி நேரம் எடுங்கள். வகுப்பு அவளுடைய நீச்சலோடோ தோழியின் பிறந்தநாளோடோ மோதுகிறதா என்று பாருங்கள்.

அப்புறம், மகள் அழுகிறாள் என்றீர்கள், என்ன சொல்லி அழுகிறாள் என்று எழுதவில்லை. ஜெர்மனில் அழுகிறாளா, தமிழிலா?